வால்பாறைக்குச் சைக்கிளில் கிளம்பும் முன் யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்

நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவள். வயது நாற்பத்து மூன்று. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். ஐந்து ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் விடியற்காலை நாலரை மணிக்குக் கிளம்பி, சிதம்பரத்தில் காப்பி குடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பிவிடுவேன். போக வரத் தொண்ணூறு கிலோமீட்டர். புதுச்சேரிக்குப் போய் வருவது எனக்குப் பக்கத்துத் தெருவுக்குப் போய் வருவது போலத்தான். இந்தத் தெம்பில் போன ஆண்டு ஜூலை மாதம் ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்குள் ஏறும் மலைச்சாலையில் தனியாகச் சைக்கிள் பயணம் கிளம்பினேன். கோயம்புத்தூரில் பஸ்ஸிலிருந்து இறங்கி, பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை, மளுக்கப்பாறை, அங்கிருந்து கேரளக் காட்டுக்குள் இறங்கி அதிரப்பள்ளி, சாலக்குடி என்று ஆறு நாள் திட்டம். பாதி வழியோடு திரும்பி வந்தேன். வீண் செலவு மட்டும் 10,980 ரூபாய். பணத்தைவிட, ஒரு மாலைப் பொழுதில் யானைக்கும் எனக்கும் நடுவில் எவ்வளவு தூரம் இருந்தது என்பதை மறுநாள் காலையில் பார்த்தபோது வந்த நடுக்கம் இன்னும் முழுதாகப் போகவில்லை. இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் நான் கேட்டிருப்பேன். சொல்ல ஆள் இல்லை. அதனால் நான் சொல்கிறேன்.

முதல் தவறு வீட்டிலேயே, நாள்காட்டியைப் பார்த்தபோதே நடந்துவிட்டது. நம் ஊரில் மழை என்றால் ஐப்பசி, கார்த்திகை. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததும் 2015 நவம்பரில் வெள்ளம் வந்ததும் நமக்கு மறக்காது. அதனால் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் போகக் கூடாது என்பதில் மிகவும் கவனமாக இருந்தேன். ஜூலையில் கடலூரில் அனல் காற்றுதான் வீசும். ஆகவே ஜூலை பாதுகாப்பான மாதம் என்று முடிவு செய்தேன். ஆனால் மலையின் மேற்குப் பக்கத்துக்கு மழைக்காலமே அதுதான். ஜூன் தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக் கடலிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி அங்கேயே கொட்டித் தீர்த்துவிடுகிறது. மிச்சமிருக்கும் வறண்ட காற்றுதான் நமக்கு வருகிறது. வால்பாறைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக்கல்லாருக்குத் தென்னிந்தியாவின் சிரபுஞ்சி என்றே பெயர். பள்ளிக்கூடத்தில் படித்த பாடம்தான். பயணத் திட்டம் போடும்போது அது நினைவுக்கு வரவில்லை. கடற்கரைச் சமவெளிக்காரர்கள் மலைக்குக் கிளம்பினால், முதலில் பார்க்க வேண்டியது அந்த மலைக்கு மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைத்தான்.

இரண்டாவது, பயிற்சி. கடலூரில் ஏற்றம் என்று சொல்ல எங்களுக்கு இருப்பது கேப்பர் மலை ஒன்றுதான். செம்மண் மேடு, ஏறத் தொடங்கிய சில நிமிடங்களில் முடிந்துவிடும். மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் அதில் ஆறு முறை ஏறி இறங்கினேன். கால் வலுத்தது உண்மை. ஆனால் இறக்கம் வராத ஏற்றம் எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியாமலே போயிற்று. சமவெளியில் களைத்தால் மிதிப்பதை நிறுத்திவிட்டுச் சக்கரம் உருள்கிற வரை இளைப்பாறலாம். மலையில் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நின்றுவிடும். ஆழியாற்றிலிருந்து வால்பாறை நாற்பது கிலோமீட்டர். எங்கள் ஊரில் எனக்கு அது இரண்டு மணி நேரப் பாதை. அந்தக் கணக்கை அப்படியே மலைக்குக் கொண்டுபோய், இன்னொரு மணி நேரம் கூட்டி, மூன்று மணி நேரம் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன். சுமையோடு ஏறுகிற என்னைப் போன்றவர்களுக்கு ஆறேழு மணி நேரம் வேண்டும். முதலில் ஏற்காடு போயிருக்க வேண்டும். சேலத்திலிருந்து ஏறினால் இருபது கொண்டை ஊசி வளைவு. முடியாவிட்டால் உருட்டிக்கொண்டே இறங்கி நகரத்துக்கு வந்துவிடலாம். இல்லையென்றால் கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை. இவை இரண்டிலும் ஒரு நாள் முழுக்க ஏறிப் பார்க்காமல் எந்தக் காப்பகச் சாலைக்கும் தனியாகப் போகாதீர்கள்.

இப்போது பஸ் பயணம். இந்தப் பகுதியைச் சைக்கிள் வைத்திருப்பவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். புதுச்சேரியிலிருந்து இரவு பஸ்ஸில் கோயம்புத்தூர் போனேன். டிக்கெட் 900 ரூபாய், சைக்கிளுக்கு 400. சைக்கிளை டிக்கியில் படுக்க வைத்தார்கள். நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். செயின் இருக்கும் பக்கம் கீழே போனது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை. மேலே யாருடைய மூட்டைகளோ ஏறின. காலையில் இறக்கியபோது கைப்பிடியில் ஒரு கீறல் தவிர வேறு சேதம் தெரியவில்லை. பொள்ளாச்சி வரை நாற்பது கிலோமீட்டர், பிறகு ஆழியாறு வரை இருபத்து நான்கு கிலோமீட்டர், ஒரு சத்தமும் இல்லாமல் ஓடியது. இருபுறமும் தென்னந்தோப்பு, எதிரே நீலமாக மலை. அன்று இரவு ஆழியாற்றில் தங்கியபோது மனம் நிறைந்திருந்தது. வீட்டுக்குப் போன் செய்து, இதற்கா இவ்வளவு பயந்தோம் என்று கணவரிடம் சொன்னேன்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பியிருக்க வேண்டும். நிதானமாகக் குளித்து, இட்லி சாப்பிட்டு, சோதனைச் சாவடியைத் தாண்டும்போது மணி ஒன்பதரை. அதற்குள் ஒரு குரங்கு கேரியர் பையிலிருந்து வாழைப்பழச் சீப்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. உணவை மூடிய பைக்குள், உள்ளே, வாசனை வராதபடி வையுங்கள். குரங்குக்குக் கொடுக்கவும் கூடாது. அது வனத்துறை தடுத்திருக்கும் காரியம். அந்தச் சாலையில் மொத்தம் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். முதல் ஆறு வளைவுகளை நடுத்தரக் கியரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறிவிட்டேன். ஏழாவது வளைவில் மூச்சு முட்டியது. கடைசியான பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன். கடலூரை விட்டுக் கிளம்பிய பிறகு அந்தக் கியரைத் தொட்டது அப்போதுதான். சமவெளியில் அதற்குத் தேவையே வராது. கறக் என்று ஒரு சத்தம். மிதி இறுகி, சைக்கிள் நின்று, இடதுபுறம் சரிந்தேன். முழங்கையில் தோல் உரிந்தது. எழுந்து பார்த்தால் செயினைப் பல் மாற்றித் தள்ளும் டீரெய்லர் முழுவதும் பின்சக்கரத்தின் கம்பிகளுக்குள் போய் முறுக்கிக்கொண்டு நிற்கிறது. மூன்று கம்பிகள் அறுந்திருந்தன.

காரணம் சுண்டு விரல் நீளத்துக்கு ஓர் அலுமினியத் துண்டு. ஹேங்கர் என்பார்கள். டீரெய்லரைச் சைக்கிள் சட்டத்தோடு சேர்ப்பது அதுதான். அடிபட்டால் சட்டம் வளையாமல் தான் வளைந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே அதை மென்மையான உலோகத்தில் செய்கிறார்கள். டிக்கியில் மூட்டைகளின் பாரம் தாங்காமல் அது உள்பக்கமாக வளைந்திருக்கிறது. சின்னப் பல்சக்கரங்களில் ஓடும்வரை வளைவு தெரியாது. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றும்போது டீரெய்லர் உள்ளே நகர்ந்து சக்கரக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். அதாவது மலையில் உங்களுக்கு அந்தக் கியர் மிகவும் தேவைப்படும் அந்த நொடியில்தான் அது உடையும். இதைத் தவிர்க்க ஐந்து நிமிட வேலை போதும். பஸ்ஸில் ஏற்றும் முன் ஐந்து மில்லிமீட்டர் ஆலன் சாவியால் டீரெய்லரைக் கழற்றி, துணி சுற்றி, பின்சக்கரச் சட்டத்துக்குள் கட்டிவிடுங்கள். மிதிகளையும் கழற்றுங்கள், இடது மிதி மட்டும் மற்ற திருகுகளுக்கு எதிர்த்திசையில் கழலும். செயின் பக்கம் மேலே இருக்கும்படி படுக்க வைக்கச் சொல்லி, வைத்த பிறகும் ஒருமுறை குனிந்து பாருங்கள். இறக்கியதும் சைக்கிளுக்குப் பின்னால் உட்கார்ந்து டீரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களும் மேலே உள்ள பல்சக்கரத்துக்கு நேர்கீழே தொங்குகின்றனவா என்று பாருங்கள். பிறகு பின்சக்கரத்தைத் தூக்கி, கையால் மிதியைச் சுற்றிக்கொண்டே எல்லாக் கியரையும் மாற்றுங்கள். பெரிய பல்சக்கரத்தில் டிக் டிக் என்று கம்பியில் உரசும் சத்தம் கேட்டால் அந்தச் சைக்கிளை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள். உபரி ஹேங்கர் ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. சைக்கிளுக்குச் சைக்கிள் அதன் வடிவம் மாறும் என்பதால் வழியில் எந்தக் கடையிலும் கிடைக்காது. கையோடு இருக்க வேண்டும். செயினைக் கழற்றிச் சேர்க்கும் சிறு கருவியும் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. பஞ்சர் ஒட்ட மட்டும் நான்கு வகைப் பொருள் வைத்திருந்தேன்.

ஒன்பதாவது வளைவு வரை தள்ளிக்கொண்டே போனேன். அங்கே ஒரு காட்சிமுனை இருக்கிறது. கீழே ஆழியாறு அணை முழுதாகத் தெரியும். மேலே பாறையில் இரண்டு வரையாடுகள் நின்றிருந்தன. வேறொரு நாளாக இருந்தால் ஆனந்தமாகப் பார்த்திருப்பேன். அன்று அணையைப் பார்த்துக்கொண்டே அழுதேன். ஒரு மணி நேரம் கழித்து, காய்கறி ஏற்றிக்கொண்டு மேலே போன ஒரு சிறு லாரி நின்றது. ஓட்டிய தம்பிக்கு இருபத்தைந்து வயது இருக்கும். "அக்கா, இங்கே நிற்க வேண்டாம், ஏறுங்கள்" என்று சொல்லிவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் சைக்கிளைக் கோஸ் மூட்டைகளின் மேல் தூக்கிப் போட்டான். கீழே இறங்கி ஊருக்குப் போய்விடுங்கள் என்று அவன் சொன்னான். நான்தான் கேட்கவில்லை. அதிரப்பள்ளி விடுதிக்கு 2,400 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தேன், திருப்பித் தர மாட்டார்கள். அந்தப் பணம் என்னை மேலே இழுத்துக்கொண்டு போயிற்று. தனியாகப் போகிறவர்கள் தங்குமிடத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். கட்டிய பணம், திரும்ப வேண்டிய இடத்தில் திரும்ப விடாது. கவர்க்கல் பக்கம் வந்தபோது பத்தடிக்கு முன்னால் எதுவும் தெரியாத பனிமூட்டம். மஞ்சள் விளக்கைப் போட்டுக்கொண்டு லாரியே ஊர்ந்துதான் போனது. அந்த வெண்மைக்குள் சைக்கிளில் இருந்திருந்தால் பின்னால் வரும் வண்டிக்கு நான் தெரிந்திருக்க மாட்டேன். பகலானாலும் முன்னும் பின்னும் மின்னும் விளக்கு வேண்டும். தம்பி 500 ரூபாய் வாங்கிக்கொண்டான். அதுவும் நான் வற்புறுத்திய பிறகு.

வால்பாறையில் மழை. அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 3,500 அடி உயரம். கியர் சைக்கிளுக்கு உதிரிப் பொருள் எதுவும் கிடைக்கவில்லை. ஒரு பெரியவர் தம் கடையில் மோட்டார் சைக்கிள் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார். என் சைக்கிளைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "எல்லாக் கியரையும் எடுத்துவிட்டு ஒன்றே ஒன்று வைத்துத் தரட்டுமா அம்மா? ஓடும். ஆனால் ஏறாது" என்றார். டீரெய்லரை அறுத்து எடுத்து, செயினை நீளம் குறைத்து, நடுப் பல்சக்கரத்தில் மாட்டினார். மூன்று பல்சக்கரங்களில் மாற்றி மாற்றிப் பார்த்து, எதில் செயின் ஓரளவு இறுகி நிற்கிறதோ அதில் விட்டார். அறுந்த கம்பிகளை நீக்கி, மற்றவற்றை இழுத்துக் கட்டிச் சக்கரத்தை ஓரளவு நேராக்கினார். கூலி 150 ரூபாய். ஓடும், ஆனால் ஏறாது என்ற அந்த இரண்டு வார்த்தையிலேயே மறுநாள் நடக்கப்போவது முழுதும் இருந்தது. எனக்கு முதல் வார்த்தை மட்டும் காதில் விழுந்தது.

மளுக்கப்பாறை வால்பாறையிலிருந்து ஏறக்குறைய இருபத்தேழு கிலோமீட்டர். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கிப் போகிற பாதை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு மழையிலேயே கிளம்பினேன். ஒவ்வொரு ஏற்றத்திலும் இறங்கித் தள்ளினேன். ஒவ்வொரு பள்ளத்திலும் செயின் கழன்றது. பதினொரு முறை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை. கைகளில் கிரீஸும் மழைத் தண்ணீரும் சேர்ந்து பிரேக் பிடிக்கவே வழுக்கியது. காலுறைக்குள் ஏதோ பிசுபிசுத்ததைச் சேறு என்று நினைத்தேன். சோலையாறு அணைப் பக்கம் நின்று காலணியைக் கழற்றியபோது காலுறை சிவப்பாக இருந்தது. நான்கு அட்டைகள், ஒவ்வொன்றும் திராட்சை அளவுக்கு ஊதி. பதறிப்போய்ப் பிய்த்தேன்; அதனால் இரத்தம் இன்னும் அதிகமாக வழிந்தது. அட்டையைப் பிய்க்கக் கூடாது. நகத்தால் அதன் வாய்ப்பக்கம் மெதுவாக நெம்பிவிட்டால் கழன்று விழும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் ஓரமாக நின்று இளைப்பாறுவதென்றால் புல்லில் நிற்காமல் தாரிலேயே நில்லுங்கள். பெண்கள் ஒதுங்க வேண்டியிருந்தால் புதரைத் தேடாதீர்கள். அட்டை மட்டுமல்ல, தேயிலைச் செடிகளுக்கு நடுவே சிறுத்தை படுத்திருக்கிற ஊர் அது. தோட்டக் குடியிருப்பிலோ டீக்கடையிலோ கேளுங்கள். நான் கேட்ட மூன்று இடத்திலும் மறுக்காமல் கதவைத் திறந்துவிட்டார்கள்.

மளுக்கப்பாறை வனச் சாவடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. காவலர் என்னையும் சைக்கிளையும் மாறி மாறிப் பார்த்தார். மலையாளம் கலந்த தமிழில் பொறுமையாகத்தான் பேசினார். "சேச்சி, இங்கே வண்டிக்குச் சீட்டு கொடுத்தால் நேரம் எழுதிக் கொடுப்போம். அந்த நேரத்துக்குள் வாழச்சால் சாவடியைத் தாண்டியாக வேண்டும். நடுவில் எங்கும் நிற்கக் கூடாது. உங்கள் சைக்கிளுக்கு நான் என்ன நேரம் எழுதுவேன்?" என்று கேட்டார். நடுவே ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குக் காடு. எனக்குப் பதில் இல்லை. கோபம் வந்தது, கெஞ்சினேன், கண்ணும் கலங்கிற்று. ஆனால் அன்று அவர் என்னை விட்டிருந்தால் இருட்டும்போது நான் அந்தக் காட்டின் நடுவில் செயினை மாட்டிக்கொண்டிருந்திருப்பேன். அவர் செய்ததுதான் சரி. காப்பகச் சாலை என்பது நாம் நினைத்த நேரத்தில் நினைத்தபடி போகிற சாலை இல்லை. பந்திப்பூர் வழியாகப் போகும் சாலை 2009 முதல் இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை மூடப்படுகிறது. இருபத்தேழு வளைவுகள் உள்ள திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. டாப்சிலிப் போக நினைத்தால் சேத்துமடைச் சாவடிக்கு மேல் இருசக்கர வண்டிகளை விடுவதே இல்லை. எந்தச் சாவடிக்குள் போகப் போகிறீர்களோ, அங்கே முந்தைய நாளே போன் செய்து, சைக்கிள் என்று சொல்லிக் கேளுங்கள். இருசக்கர வாகனம் என்று பொதுவாகக் கேட்டால் மோட்டார் சைக்கிளுக்கான பதில்தான் கிடைக்கும். எனக்கு நேர்ந்தது அதுதான்.

கூடாரத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 4,300 ரூபாய் கொடுத்து வாங்கி, இரண்டரைக் கிலோ எடையை அத்தனை வளைவுகளிலும் சுமந்தேன். வழியில் நல்ல இடமாகப் பார்த்து அடித்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். காப்பகத்துக்குள் சாலையை விட்டு இறங்குவதற்கே அனுமதி வேண்டும்; 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் நுழைவது குற்றம். காட்டில் கூடாரம் அடிக்கிற படங்களைப் பார்த்து ஏமாந்து வாங்காதீர்கள். அந்தப் பையை நான் இன்னும் பிரிக்கவே இல்லை.

மளுக்கப்பாறையில் நின்ற பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற இடமில்லை. சைக்கிளை விட்டுவிட்டு ஏறியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை. வந்த வழியே திரும்பினேன். ஆறு மணிக்கெல்லாம் மேகம் இறங்கி இருட்டிவிட்டது. வால்பாறைக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். போனில் சிக்னல் போய் ஏழு மணி நேரம் ஆகியிருந்தது. ஒரு வளைவைத் தாண்டியதும் சாலையோரக் கம்பத்தின் உச்சியில் ஒரு சிவப்பு விளக்கு அணைந்து அணைந்து எரிந்தது. ஏதோ சாலை வேலை போல என்று நினைத்து, செயினை மாட்டுவதற்காக அதன் கீழேயே குத்துக்கால் போட்டு உட்கார்ந்தேன். மழைச் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை. அப்போது மேலே குடியிருப்பிலிருந்து ஒரு பெண் குரல், "ஏம்மா! ஏம்மா! விளக்கு எரிகிறது தெரியவில்லையா? மேலே வா! சைக்கிளைப் போட்டுவிட்டு வா!" என்று கத்தியது. அந்தக் குரலில் இருந்த பதற்றத்தில், ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுப் படியேறி ஓடினேன்.

அந்தச் சிவப்பு விளக்கு யானை விளக்கு. வால்பாறையில் யானை நடமாட்டம் இருக்கும் இடங்களில் அது எரிந்தால், பக்கத்தில் யானை நிற்கிறது என்று பொருள். ஊர்க்காரர்களே போனிலிருந்து அதை எரிய வைக்கிறார்கள். குறுஞ்செய்தியும் வரும். 2011 முதல் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை என்ற அமைப்பும் மக்களும் வனத்துறையும் சேர்ந்து நடத்துகிற ஏற்பாடு. வேலை முடிந்து இருட்டில் நடந்து வீட்டுக்கு வரும் தோட்டத் தொழிலாளர்கள் எதிர்பாராமல் யானைக்கு முன்னால் போய் நின்றுவிடக் கூடாது என்பதற்காக வந்தது. வால்பாறைக் குழந்தைகளுக்கும் தெரிந்த செய்தி. நான் அதன் கீழேயே உட்கார்ந்து செயின் மாட்டிக்கொண்டிருந்தேன். நீங்கள் அந்தப் பக்கம் போனால், தங்கும் இடத்தில் சாவி வாங்கும்போதே, இன்று யானை எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். அங்கே அது வானிலை கேட்பது போல இயல்பான கேள்வி. யாராவது ஒருவருக்கு நிச்சயம் தெரிந்திருக்கும்.

அந்த அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். தோட்டத் தொழிலாளர்களுக்கான வரிசை வீடுகளை அங்கே லைன் வீடு என்பார்கள். அக்காவின் லைன் வீட்டில் இரண்டு அறை. தேயிலை பறிக்கிறவர்களின் கை. விரல் நுனியெல்லாம் கறுத்துக் காய்த்திருந்தது. என் காலைத் தம் மடியில் வைத்து, வெற்றிலைப் பெட்டியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து அட்டைக் கடிவாயில் தடவினார். கறுப்புத் தேநீரும் சுடுசோறும் கருவாட்டுக் குழம்பும் கொடுத்தார். கடலூர் முதுநகர்க் கருவாடு சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, அந்த மலையில், அந்தக் குளிரில், அந்த வாசனை வந்ததும் தொண்டை அடைத்துவிட்டது. இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்து எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். வீட்டுக்குப் பின்னால் வாழை மரம் முறியும் ஓசை. மடமடவென்று கேட்கும் என்று நினைப்போம், அப்படி இல்லை. ஈரத் துணியைப் பிழிவது போல நீளமாக, நிதானமாக ஒரு சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு. அவ்வளவு பக்கத்தில். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அதை விடிகிற வரை விடவில்லை.

காலையில் சைக்கிளை எடுக்கப் போனோம். அது போட்ட இடத்திலேயே கிடந்தது. சாலைக்கு மறுபுறம், தேயிலைச் சரிவில், தண்ணீர் தேங்கிய வட்ட வட்டமான தடங்கள் இறங்கி வந்து சாலையைக் கடந்திருந்தன. என் அடியளவில் சைக்கிளிலிருந்து அறுபது அடி.

இதே இரவில் கடலூரில் என் கணவர் பட்ட பாட்டை நான் பிறகுதான் அறிந்தேன். பதினான்கு மணி நேரம் என்னிடமிருந்து தகவல் இல்லை. யாரை அழைப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் நான் எந்த எண்ணையும் கொடுத்துவிட்டு வரவில்லை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, கையில் பணத்தோடு நள்ளிரவில் பஸ் நிலையத்தில் போய் நின்றிருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு மற்ற எல்லா இழப்பும் சிறிதாகத் தெரிகிறது. ஒரு தாளில் ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே, எந்தச் சாவடியை எத்தனை மணிக்குள் தாண்ட வேண்டும், தங்குமிடத்தின் எண், அந்தப் பகுதிக் காவல் நிலையத்தின் எண், இத்தனை மணிக்குள் அழைக்காவிட்டால் முதலில் யாரை அழைப்பது என்று எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள். சிக்னல் இருக்கும் கடைசி இடத்தில் நின்று, இனி இத்தனை மணி நேரம் பேச முடியாது என்று சொல்லிவிட்டுப் போங்கள். தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய முன்னேற்பாடு வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இறங்கியதைப் பற்றிக் கொஞ்சம். இரண்டு நாள் கழித்து மழை விட்ட நேரத்தில் நாற்பது வளைவுகளையும் சைக்கிளிலேயே இறங்கினேன். இறங்க ஒரே கியர் போதும், பிரேக்தான் வேண்டும். முதல் பத்து வளைவுகளில் பிரேக்கைப் பிடித்தபடியே வந்ததில் சக்கர விளிம்பு தொட முடியாத அளவுக்குச் சூடேறிவிட்டது. அப்படியே போனால் உள்ளே இருக்கும் டியூப் வெடிக்கும். வளைவுக்கு முன்னால் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவில் விட்டுவிட வேண்டும். முன்னும் பின்னும் மாற்றி மாற்றிப் பிடிக்க வேண்டும். நாலைந்து வளைவுக்கு ஒருமுறை நின்று சக்கரம் ஆற விட வேண்டும். ஆழியாறு வந்தபோது பிரேக் ரப்பர் தேய்ந்து உலோகம் உரசிக்கொண்டிருந்தது. ஈரத்தில் ரப்பர் இரண்டு மடங்கு வேகத்தில் தேய்வது போலத்தான் இருந்தது. உபரி ஒரு ஜோடி எடுத்துப் போங்கள்.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன், கணக்கு எழுதுகிறவள் என்பதால். கூடாரம் 4,300. அதிரப்பள்ளி முன்பணம் 2,400. லாரிக்கு 500. வால்பாறைப் பெரியவருக்கு 150. ஊருக்கு வந்து புது டீரெய்லர், ஹேங்கர், மூன்று கம்பி, செயின், கூலி எல்லாம் சேர்த்து 3,150. பிரேக் ரப்பர் 480. மொத்தம் 10,980. பஸ், அறை, சாப்பாடு ஆகியவற்றை இதில் சேர்க்கவில்லை. அவை எப்படியும் ஆகியிருக்கும்.

லைன் வீட்டு அக்காவோடு மாதம் ஒரு முறையாவது போனில் பேசுகிறேன். அவர் பேரனுக்கு இங்கிருந்து கருவாடு அனுப்பினேன். பொங்கலுக்குப் பேசியபோது, இந்த முறை சரியாகத் திட்டம் போட்டு வருகிறேன், எந்த மாதம் வரட்டும் என்று கேட்டேன். நாள்காட்டியைப் பார்க்காமல் அவரைக் கேட்டேன். "இப்போது வேண்டாம், தையில் இங்கே யானை அதிகம். மாசி கடைசியில் வா. மழை இருக்காது, சாலை காய்ந்திருக்கும்" என்றார். ஏற்காட்டில் இரண்டு முறை ஏறிப் பார்த்துவிட்டேன், உபரி ஹேங்கர் இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன் என்றெல்லாம் நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவருக்கு அதெல்லாம் என்னவென்று தெரியாது. "அதெல்லாம் இருக்கட்டும். நாலு மணிக்குள் வீடு வந்து சேர்ந்துவிடு" என்றார்.